வயசுக்கு வந்தவர்களின் வரிசை

மதுக்கடை கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: இந்த உலகத்தில் வயதைக் கேட்டால் கோபித்துக்கொள்வது பெண்கள் இல்லை. ரேஷன் கடையோ, பாங்கோ, பஸ் ஸ்டாண்டோ, நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவராக இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். "இல்லை" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற கூட்டம் நாம்.

கேரளத்தில் மது வாங்க இருபத்து மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். குமுளியில் பஸ் ஏறி மலை இறங்கினால் தமிழ்நாடு. அங்கே இருபத்தொன்று போதும். இங்கேயும் குறைத்துவிடலாம் என்று ஒரு கட்சி, இன்னும் கூட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. டிவியில் விவாதம் செய்கிறவர்கள் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வெயிலில் வரிசையில் நின்று, ஒருவழியாகக் கவுண்டர் கம்பிக்கு முன்னால் வந்து சேர்ந்த பையனிடம் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

என் பெயர் ஸ்டெல்லா. வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்தவள். பரீட்சை எழுதித் தேறியதும் "எம்மகளுக்கு சர்க்கார் வேலை" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் வேலை சர்க்கார் மதுக்கடையில் என்று ஆர்டர் வந்தது. முதலில் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் போட்டார்கள். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு குமுளிக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசையின் நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கூப்புவோம் இல்லையா, அப்போது ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சசியேட்டன் தமிழ் பேசினார்

குமுளிக் கடையில் எனக்குப் பக்கத்துக் கவுண்டர் சசியேட்டனுக்கு. கோட்டயத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் எந்த மொழியையும் பயமில்லாமல் பேசக்கூடியவர். எல்லைக் கடை என்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்க்காரர்கள். "ஸ்டெல்லே, நீ ஒண்ணும் சொல்லித் தர வேண்டா, நான் கேட்டே படிச்சு" என்று சொல்லிக்கொண்டு அவராகவே வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்றை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்த நேரத்தில் வெளியே எடுத்தார்.

வந்தவன் தேயிலை எஸ்டேட் பையன். தாடி என்று சொல்லத்தக்க ஒன்றை முகத்தில் வளர்த்திருந்தான். அங்கங்கே இடம் விட்டு முளைத்திருந்தது. சசியேட்டன் அவனை மேலும் கீழும் பார்த்தார். சட்டப்படி வயது நிறைந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். மலையாளத்தில் அதை அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்பார். அதையே தமிழாக்கி, கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, வயசுக்கு வந்தாச்சா?" என்றார்.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருசேரச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். பெரிய மனுஷியான பெண்ணைப் பற்றிக் கேட்கிற கேள்வி அது என்று அவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் நான் பில் மெஷினுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பையன் மட்டும் அசரவில்லை. பத்தொன்பது வயதென்று போட்டிருந்த கார்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்:

"வந்துட்டேன் சேட்டா. தாய்மாமா சீர் கொண்டாரட்டும்னுதான் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஒரு வயதைக் கூட்டிச் சொன்னவர்

பாக்கியக்காவை முதன்முதலாகக் கடையில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்த எஸ்டேட்டைச் சேர்ந்தவர். ஏலக்காய் பறிக்கப் போகிற வழியில், கடை திறக்கும் முன்பே, தலையில் கட்டிய துண்டோடு பக்கவாட்டுக் கதவில் நின்றார். அவருடைய வீட்டுக்காரர் அருளப்பன் என் கவுண்டருக்குத் தினமும் வருகிறவர் என்பதால், சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதிலைத் தயார் செய்துகொண்டேன். "அவர விடு தாயி, அவரு முடிஞ்ச கதை. நான் சாமுவேலுக்காக வந்தேன்" என்றார்.

சாமுவேல் அவருடைய ஒரே மகன். ஜீப் ஓட்டுகிறான். காலையில் பெண்களை ஏற்றித் தோட்டத்தில் விடுவான், சாயங்காலம் திரும்ப இறக்குவான். அம்மாவும் அந்த ஜீப்பில்தான் போகிறார். அவனுக்குக் கார்டின்படி இருபத்திரண்டு. இனிமேல்தான் விஷயம். சின்ன வயதில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், நாலு முடிந்த பிள்ளையை ஐந்து முடிந்தது என்று சொல்லி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். "எந்தத் தேதின்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. மழைக்காலம்னேன். பள்ளிக்கூடம் தொறக்குற ஜூன் ஒண்ணுன்னு அவரே போட்டுக்கிட்டாரு." இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் எஸ்டேட்டில் ஜூன் ஒன்றாம் தேதி பிறக்காதவர்களைத்தான் தேட வேண்டும். என் பிறந்தநாளும் அதுதான்.

ஆக, அடுத்த ஜூனில் கார்டுக்கு இருபத்து மூன்று ஆகிவிடும், பையனுக்கு உண்மையில் இருபத்திரண்டுதான் ஆகும். அந்த ஒரு வருஷம் அவனுக்கு நான் விற்கக் கூடாது. இதுதான் பாக்கியக்காவின் கோரிக்கை. எனக்கு எரிச்சலாக வந்தது. கார்டில் வயது சரியாக இருந்து நான் கொடுக்காவிட்டால் புகார் என் மேல்தான் வரும், அம்மா சொன்னார் என்று நான் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"அவங்கப்பா குடிக்க ஆரம்பிச்சது இருபத்து ரெண்டு வயசுல. அந்த வயச மட்டும் இவன் தாண்டிட்டா போதும் தாயி, பெறகு அவன் பாடு கர்த்தர் பாடு."

மாப்பிள்ளைக்கு இல்லை

பாக்கியக்காவிடம் சட்டம் பேசினேனே தவிர, அந்தச் சட்டத்தின் மேல் எனக்கே அப்போது பெரிய மதிப்பு இருந்ததில்லை. அதற்குக் காரணம் பாலக்காடு. அங்கே என் கடை கோயமுத்தூர் பஸ் போகிற ரோட்டில் இருந்தது. சுற்றிலும் தென்னந்தோப்பு. ஒருநாள் சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஒரு தோப்புக்காரர் வந்தார். கூடவே கையில் காப்புக் கயிறு அவிழ்க்காத ஒரு இளைஞன், புது மோதிரம், புது செருப்பு. பெரியவரே கேட்டு வாங்கியிருந்தால் நான் பேசாமல் கொடுத்திருப்பேன். அவர் மரியாதை தெரிந்தவர். "மாப்ளைக்கு எது புடிக்குதோ அவரே கேக்கட்டுங்க" என்று மருமகனைக் கம்பிக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

மருமகனுக்கு இருபத்திரண்டு. கல்யாணத்துக்கு இருபத்தொன்று போதும், அது முடிந்துவிட்டது. ஓட்டுப் போடப் பதினெட்டு போதும், அதுவும் போட்டிருக்கிறான். நான் சட்டத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை புது மாமனார் முன்னால் கூனிக் குறுகிப் போனான். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். பெரியவர் மட்டும் கோபப்படாமல், உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, பொண்ணையே நம்பிக் குடுத்துட்டனுங்க. நீங்க ஒரு பாட்டல் குடுக்க இத்தன ரோசன பண்றீங்ளே?"

பழனிக்குப் போய் வந்தவர்

அதே கடையில் இன்னொன்று. பார்த்தால் சின்ன வயதாகத் தெரிகிற எல்லோரிடமும் கார்டு கேட்க வேண்டும் என்று அப்போது கெடுபிடியாக இருந்தது. ஒரு மத்தியானம் ஒல்லியாக ஒருத்தர் வந்தார். பழனிக்கு முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தலை மொட்டை, மீசையும் இல்லை, சந்தனம் பூசிய தலையோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். நான் சரியாகக் கூடப் பார்க்காமல் "வயசு என்ன, கார்டு எடுங்க" என்றேன்.

மனிதர் திகைத்துப் போனார். கார்டை எடுத்து நீட்டினார். நாற்பத்தாறு. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பில் போடப் போனேன். அவர் நகரவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் நின்றவரிடம் "என்ற வயசக் கேக்கறாங்க பாருங்க" என்றார். அதற்குப் பின்னால் நின்றவரிடமும் சொன்னார். பாட்டிலை மறந்துவிட்டுப் படியிறங்கியவர் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சாத குறையாகச் சொன்னார்:

"நாளைக்கு எங்கூட்டுக்காரியக் கூட்டியாறனுங்க. இதே கேள்விய அவ முன்னால ஒருக்கா கேட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்பா சொன்னது

குமுளிக்கே வருகிறேன். பாக்கியக்கா வந்துபோன சில நாள் கழித்து அருளப்பன் வழக்கம் போல வரிசையில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். எது வேண்டும் என்று கூடச் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். பின்னால் சத்தம் போட்டார்கள். "எம்மவன் வந்தான்னா குடுத்துராதம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாதுதான். கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு புத்தி சொல்கிறாரே என்றுதான் யாருக்கும் தோன்றும். "மாமா, நீங்க நிறுத்துங்க, அவன் தானா வரமாட்டான்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்த வயசுல எனக்கு இல்லன்னு சொல்ல ஒரு கடைக்காரனும் இல்லம்மா."

அதற்குப் பிறகு, இருபத்து மூன்று என்கிற எண் எனக்கு முன்பு போல் அவ்வளவு அபத்தமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நினைப்பு ஒரு வாரம் கூட நிலைக்கவில்லை. மகன் வந்து கலைத்துவிட்டான்.

செக்போஸ்ட்டில் என்ன வயது

சாமுவேல் ஜீப்பைக் கடை எதிரே நிறுத்திவிட்டு நேராக வந்தான். அம்மா என்னிடம் வந்து பேசிய விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. வரிசையில் நிற்கவில்லை, பக்கவாட்டுக் கதவுக்கு வந்தான். அம்மா நின்ற அதே இடம். அவனுக்கு அவமானமாக இருந்தது. ஜீப் ஸ்டாண்டில் பசங்கள் கேலி செய்கிறார்களாம்.

"நான் குடிக்கணும்னு நெனச்சா கம்பத்துக்குப் பஸ் ஏறிப் போயிருக்க மாட்டனாக்கா? அங்க இருபத்தொண்ணுதான" என்றான். நியாயமான கேள்வி. டிவியில் பேசுகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் அவனுடைய கூட்டாளிகள் கீழே போய் வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பி வருகிற வழியில் வளைவுக்கு வளைவு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்திருக்கிறார்கள். இவனும் அவர்களோடு போயிருந்தான், குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். மறுநாள் காலையில் ஜீப் எடுக்க வேண்டும், அதனால்தான் என்றான். நல்ல பதில் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கேட்டான். ஜீப் சாவியால் எல்லைப் பக்கம் காட்டினான்:

"மலை இறங்குனா நான் பெரிய மனுசன், ஏறுனா சின்னப்பய. நடுவுல செக்போஸ்ட்டுல நிக்கிறப்ப நான் யாருக்கா?"

வாயனசாலையில் விவாதம்

வயது விவகாரம் சூடுபிடித்திருந்த நேரம் அது. எங்கள் பக்கத்து வாயனசாலையில், அதாவது பேப்பர் படிக்கவும் கேரம் ஆடவும் பயன்படுகிற நூலகத்தில், ஒரு விவாதம் வைத்தார்கள். "குடிக்க வயது இருபத்தொன்றா, இருபத்து மூன்றா?" என்று மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தலைமை தாங்கியவர் வார்டு மெம்பர். அந்தப் பெண்ணுக்கே இருபத்திரண்டுதான் ஆகிறது. ரோடு போடக் கையெழுத்துப் போடலாம், என் கவுண்டரில் ஒரு பீர் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதை அவரே சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

குறைக்கச் சொன்னவர்கள் ஓட்டு, கல்யாணம், பட்டாளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். கூட்டச் சொன்னவர்கள் ஈரல், மூளை, விபத்து என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். தட்டியது அதே கைகள்தான். என்னை அனுபவம் உள்ளவர் என்று பேசச் சொன்னார்கள். "காலையில குறைக்கலாம்னு தோணுது, கடை அடைக்கிறப்ப கூட்டலாம்னு தோணுது" என்றேன். இதற்கும் தட்டினார்கள்.

அப்போது பெண்கள் பெஞ்சிலிருந்து பாக்கியக்கா எழுந்தார். அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். மலையாளத்தில் ஆரம்பித்துத் தடுமாறி, "எனக்குத் தமிழ்லதான் வருது" என்றார். மெம்பர் "தமிழில் பறஞ்ஞோளூ சேச்சி" என்று மைக்கை அவர் பக்கம் தள்ளினார். தோட்ட வேலைக்குப் போவதற்காகப் பிள்ளைக்கு ஒரு வயது கூட்டிச் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னார். மேடைப் பேச்சு இல்லை. வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி பேசினார். ஹாலில் கேரம் பலகைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கூட ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் சாமுவேல் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. கடைசியாக மெம்பரைப் பார்த்து இப்படிக் கேட்டார்:

"இருபத்தொண்ணோ இருபத்து மூணோ நீங்க எதை வேணா வைங்க. எம்புள்ளகிட்ட இருந்து நான் எடுத்த ஒரு வயச அவனுக்குத் திருப்பிக் குடுக்க ஏதாச்சும் வழி வச்சிருக்கீகளா?"

பேச்சு நின்றது

பிறந்த தேதியைத் திருத்தலாம் என்று ஒருவர் சொன்னார். எந்தத் தேதியாக என்று கேட்டால் பாக்கியக்காவிடமே விடை கிடையாது, மழைக்காலம் என்பதைத் தவிர. விவாதம் முடிவில்லாமல் டீயோடு முடிந்தது. அம்மாவும் மகனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஜீப்பில் ஏறுவார், இறங்குவார், ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டாண்டில் அவனுக்கு "இருபத்து ரெண்டு" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "பேசி வெனையாக்கிட்டேன் தாயி, இப்ப வீம்புக்குன்னே குடிக்கப் போறான்" என்று பாக்கியக்கா என்னிடம் வந்து அழுதார். எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாமல், "இன்னும் ஜூன் வரலியேக்கா" என்றேன்.

அதைச் சசியேட்டனும் கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கியக்கா போன பிறகு, காலண்டரைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய தமிழில் அவர் சொன்னது:

"ஒண்ணாந்தேதி நம்ம கடை லீவு. தெய்வம் ஒரு நாள் கூடுதலாத் தந்நிட்டுண்டு, நீ பயப்பட வேண்டா."

எஸ்டேட்டுக்கே பிறந்தநாள்

கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடை கிடையாது. அதனால் எஸ்டேட் பள்ளிக்கூடங்களில் படித்த பையன்கள், ஜூன் ஒன்றாம் தேதி சட்டப்படி இருபத்து மூன்று நிறைந்தவர்கள், அத்தனை பேரும் இரண்டாம் தேதி ஒன்றாக வருவார்கள். வருஷா வருஷம் நடக்கிற திருவிழா இது. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. குடையும் பிளாஸ்டிக் கோணியுமாக வரிசை. ஒரே தேதி போட்ட கார்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சசியேட்டன் ஒவ்வொருத்தனுக்கும் கை கொடுத்து "ஹேப்பி பர்த்டே" சொல்லிக்கொண்டிருந்தார். சிலருடைய நிஜமான பிறந்தநாள் பொங்கலுக்குப் பக்கத்தில், சிலருடையது ஓணத்துக்குப் பக்கத்தில். யாரும் திருத்தவில்லை, வாழ்த்தை வாங்கிக்கொண்டார்கள்.

என் வரிசையில் சாமுவேல் நின்றான். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஸ்டாண்டு கூட்டாளிகள். "இருபத்து ரெண்டுக்கு இன்னைக்கு இருபத்து மூணுடா" என்று அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அவன் மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். நெட்வொர்க் போய்விடக் கூடாதா, பில் மெஷின் நின்றுவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். எப்போதும் தகராறு பண்ணுகிற அந்த மெஷின் அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடியது. அவன் முறை வந்தது. கார்டை நீட்டினான். நான் பார்த்தேன். தேதி சரி, வருஷம் சரி, போட்டோ சரி. ஒரு காரணம் கிடைக்காதா என்று திருப்பியும் பார்த்தேன்.

"சரியா இருக்காக்கா?" என்றான்.

"சரியாத்தான் இருக்கு. என்ன வேணும், சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் அவனுக்குப் பதிலாக ஒரு பெயரைச் சொன்னார்கள், இன்னொருவன் வேறொரு பெயரைச் சொன்னான். சாமுவேல் கையை நீட்டிக் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அதில் விழுந்திருந்த மழைத்தண்ணீரைச் சட்டையில் துடைத்தான்.

"ஒண்ணும் வேணாம்க்கா."

"பின்ன எதுக்குடா இந்த மழையில இவ்வளவு நேரம் நின்ன?"

எதிரே ரோட்டோரம் அவனுடைய ஜீப் நின்றது. வேலை முடிந்து வந்த பெண்கள் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாமுவேல் கார்டைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"குடுப்பீங்களா மாட்டீங்களான்னு பாக்கத்தான் நின்னேன். கார்டுக்குத்தான்க்கா இருபத்து மூணு ஆயிருக்கு, எனக்கு இன்னும் ஆகல."

இப்போதெல்லாம் இருபத்தொன்றா இருபத்து மூன்றா என்று யாராவது என்னிடம் விவாதத்துக்கு வந்தால், கார்டுக்கா ஆளுக்கா என்று கேட்டுவிட்டு, அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.